காலாண்டும் கால்பந்தும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டோம். பத்தாம் வகுப்பில் கணக்கு தவிர மற்றப் பாடங்களில் தேர்ச்சி நன்றாகவே இருக்கிறது. கணக்குக்கு மாலை வகுப்பு தொடங்கியாயிற்று. கலைத்திருவிழாவில் நம் வில்லுப்பாட்டுக் குழுவுக்கு இரண்டாம் இடம். வானவில் மன்றத்தின் (அறிவியல் மன்றம்) பிள்ளைகள் செய்த நீர்மூழ்கி மாதிரி மூழ்கியது, மேலேயும் வந்தது. குடிநீர் இயந்திரம் சரிசெய்யப்பட்டது. மாடிக் கழிப்பறைக்குக் கதவு வந்துவிட்டது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், கால்பந்து.

இந்தக் கடிதம் எதற்காக வருகிறது என்று உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். ஜோனலில் ஜெயித்து, நம் 17 வயதுக்குட்பட்ட மாணவர் அணி வருவாய் மாவட்டப் போட்டியில் அரையிறுதிவரை போனது. மாநகராட்சிப் பள்ளி ஒன்று அவ்வளவு தூரம் போவது சின்ன விஷயமில்லை. அரையிறுதியில் ஒரு தனியார் பள்ளியிடம் 0-4 என்று தோற்றோம். பள்ளியின் பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

ஆட்டத்தை நானும் பார்த்தேன். முதல் இருபது நிமிடம் நம் பையன்கள் பந்தை அவர்கள் பக்கமே வைத்திருந்தார்கள். எதிரணியின் பெஞ்சில் ஒரே மாதிரி டிராக் சூட் போட்ட ஏழு மாற்று ஆட்டக்காரர்கள், ஒரு பயிற்சியாளர், கோல்கீப்பருக்கென்று தனியாக இன்னொரு பயிற்சியாளர், ஐஸ் பெட்டியோடு ஒருவர். நம் பக்கம் இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள், உடற்கல்வி ஆசிரியர், ஒரு வாளித் தண்ணீர். நம் கோல்கீப்பரின் கையுறையில் கட்டைவிரல் பக்கம் கிழிந்து, எலக்ட்ரீஷியன் சுற்றும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இடைவேளைக்குப் பிறகு அவர்கள் நால்வரை மாற்றினார்கள். நாம் யாரை மாற்றுவது? கடைசி அரைமணி நேரத்தில் நாலு கோல்.

நாலில் மூன்றை அடித்தவர்கள் நம் பள்ளியில் படித்தவர்கள். அன்று அந்தப் பதினொரு பேரில் நால்வர் நம்மிடமிருந்து போனவர்கள். “கணக்குப் பார்த்தா நாமதான் சார் 3-1ன்னு ஜெயிச்சோம்” என்றார் ஒரு தந்தை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்கடுத்து நடந்தது சிரிக்கும்படி இல்லை.

விசில் ஊதியதும், இரண்டு கோல் போட்ட பையன் நேராக நம் பக்கம் வந்து உடற்கல்வி ஆசிரியரின் காலைத் தொட்டான். போன ஏப்ரல் வரை நம் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இருந்தவன். பள்ளிக்கூடக் குழாயடியில் பந்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அவன் நிமிர்வதற்குள் நம் பெற்றோர் நின்ற இடத்திலிருந்து “துரோகி” என்று ஒரு குரல் வந்தது. அதற்கு மேலும் சில சொற்கள், எழுத மனமில்லை. ஒரு தண்ணீர் பாக்கெட்டும் வந்து விழுந்தது. யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதும் இல்லை. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு வயது பதினான்கு. பள்ளி மாறும் முடிவை அவன் எடுக்கவில்லை, பெரியவர்கள் எடுத்தார்கள். அவன் தங்கை இன்றும் நம் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். அன்று மைதானத்தில் அவளும் இருந்தாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. இனி ஒரு முறை இப்படி நடந்தால், பார்வையாளர்களை மைதானத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் அணியை இறக்குவேன். அப்படியும் அடங்காவிட்டால் அணியை இறக்கவே மாட்டேன்.

கோபம் புரியாமல் இல்லை. ஆறாம் வகுப்பில் செருப்பில்லாமல் வந்த பையனுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக் கொடுப்பது நாம். மழைத் தண்ணீர் தேங்கிய மைதானத்தில், ஒரு மூலையில் காய்கறி வண்டிகளும் மறுமூலையில் கல்யாணப் பந்தலும் நிற்க, நடுவில் கிடைத்த இடத்தில் ஆடவைப்பதும் நாம்தான். அவன் ஆட்டம் பார்க்கும்படி ஆன வருடம், மைதானத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் யாரோ வந்து உட்கார்ந்து பெற்றோரிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, பூட்ஸ், ஜெர்சி, இரண்டு வேளை முட்டையோடு சாப்பாடு, வேண்டுமானால் விடுதி. நாள் கூலிக்குப் போகும் வீட்டில் இதற்கு யார் மாட்டேன் என்பார்கள்? நாற்று விடுவது ஓரிடம், அறுப்பது வேறிடம் என்றால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனாலும் அந்தப் பள்ளியைத் திட்டி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்கள் விதியை மீறவில்லை. விதி அப்படி இருக்கிறது. தன் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியும், எந்த ஊரிலிருந்தும் பொறுக்கிச் சேர்க்கும் பள்ளியும் ஒரே அட்டவணையில் மோதுகின்றன. விளையாட்டு விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு, விடுதிப் பிள்ளைகள் அங்கே படிப்பதாலேயே பலமான அணி அமைந்துவிடுகிறது. இதுவும் அந்தப் பள்ளியின் தப்பில்லை.

நம் உடற்கல்வி ஆசிரியர் இதைப் பற்றி நிறையப் படித்து வைத்திருக்கிறார். அமெரிக்காவிலும் இதே சண்டைதானாம். அவர்கள் ஃபுட்பால் என்பது கையில் தூக்கிக்கொண்டு ஓடும் முட்டை வடிவப் பந்து. அதை விடுங்கள், சண்டை ஒன்றுதான். இல்லினாய் மாநிலத்தில், எல்லை இல்லாமல் எங்கிருந்தும் மாணவர்களைச் சேர்க்கும் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்குகிறார்கள். ஆயிரம் பேர் படித்தால் 1650 பேர் படிப்பதாகக் கணக்கு, அதனால் பெரிய பள்ளிகளோடுதான் மோதவேண்டும். தொடர்ந்து ஜெயிக்காத பள்ளிக்கு விலக்கும் உண்டு. டெக்சாஸில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு சங்கம், தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேறு சங்கம். பல மாநிலங்களில் பள்ளி மாறிய மாணவன் கொஞ்ச காலம் ஆடாமல் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். இவ்வளவு செய்தும் அங்கே சண்டை ஓயவில்லை என்றும் அவரே சொன்னார்.

எனக்குப் பிடித்தது அந்த ‘உட்காரும்’ விதிதான். போகிறவன் போகட்டும், ஆனால் பள்ளி மாறிய அதே வருடம் வந்து பழைய பள்ளிக்கு எதிராக ஆட முடியாது என்றால், டீக்கடைப் பேச்சு பாதியாகக் குறையும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாகப் போட்டு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் தனிக் கோப்பை வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நம் அணித் தலைவனிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். “அவங்களோட ஆடாம கப் வாங்கி என்ன சார் பண்றது?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இனி, இந்தக் கடிதத்தின் அவசரமான விஷயம். அரையிறுதி முடிந்த சில நாளிலேயே ஐந்து பெற்றோர் டி.சி. கேட்டு வந்திருக்கிறீர்கள். ஐவரின் பிள்ளைகளும் கால்பந்து ஆடுகிறவர்கள். டி.சி. தராமல் இருக்க எனக்கு அதிகாரம் இல்லை, இழுத்தடிக்கவும் மாட்டேன். கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் பெயர் காமன் பூலுக்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, போய்விடும். ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் கூடவே என்னென்ன போகிறது என்று டீக்கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். 2020-இல் வந்தது அது. நம்ம பையன் எங்கே நீட் எழுதப் போகிறான் என்பீர்கள். சரி, அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதம் வந்தது. அதில் சேருகிறவர்களின் படிப்புச் செலவையும் அரசே ஏற்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பந்துக்காக ஆங்கில வழித் தனியார் பள்ளிக்குப் போனால் இத்தனையும் ஒரே கையெழுத்தில் போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பில் திரும்பி வந்தாலும் ஒட்டாது. மறுபக்கம், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீதமும், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவின் 500 இடங்களும் சான்றிதழைத்தான் பார்க்கின்றன. அதற்காகப் பள்ளி மாறியே தீரவேண்டும் என்றில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் இப்படிப் போனான். நல்ல டிஃபென்டர். பத்தாம் வகுப்பு நடுவில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த மாதம் கட்டணம் கட்டச் சொல்லிச் சீட்டு வந்தது. அந்தச் சீட்டை அவன் அம்மா என் மேஜையில் விரித்து வைத்து, கை நடுங்க, “இது என்னன்னு படிச்சுச் சொல்லுங்க சார்” என்றார். பதினொன்றாம் வகுப்புக்கு அவனை நாம் திரும்பச் சேர்த்துக்கொண்டோம். ஆனால் 7.5 போனது போனதுதான்.

இன்னொரு பெண்ணும் போனாள். அவளுக்கு அங்கே எல்லாம் நன்றாக அமைந்தது. இன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் படிக்கிறாள். பொங்கலுக்கு முன் இனிப்போடு வந்து எல்லா ஆசிரியர்களையும் பார்த்துவிட்டுப் போனாள். நான் நெஞ்சாரச் சந்தோஷப்பட்டேன். அதனால் போகாதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அரை மணி நேரம் என் எதிரே உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு, போவதானால் வருடக் கடைசியில் போங்கள் என்றுதான் கேட்கிறேன். கட்டணம் இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடிபட்டால் என்ன என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு வவுச்சர் கிடையாது.

இன்னொன்று, இது நம் பக்கத்து அழுக்கு. அவர்கள் பெரிய பையன்களை இறக்குகிறார்கள், நாமும் இறக்கினால் என்ன என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டீர்கள். ஒருவர், பையனின் பிறந்த தேதியை ஆதாரில் மாற்றிவிட்டதாகவும் சேர்க்கைப் பதிவேட்டிலும் மாற்றித் தந்தால் 14 வயதுப் பிரிவில் ஆடலாம் என்றும் சொன்னார். மாற்ற மாட்டேன். யார் சிபாரிசோடு வந்தாலும் மாற்ற மாட்டேன். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இளையோர் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பை வைத்தே வயதைப் பார்க்கிறார்கள். எலும்பு பொய் சொல்லாது. மாட்டினால் ஆட்டமும் போகும், பள்ளிப் பெயரும் போகும். மாட்டாவிட்டாலும், பன்னிரண்டு வயதுப் பிள்ளை மேல் பதினாறு வயதுப் பிள்ளை மோதினால் முறிவது யார் வீட்டுக் கால்?

சென்னையின் எஃப்.சி. 2017-18 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்றபோது அணியில் இருந்த தனபால் கணேஷ் நம் வியாசர்பாடிக்காரர்தான். இங்கிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள், வருகிறார்கள். சந்துகளுக்குப் பஞ்சமில்லை, பந்துக்கும் பஞ்சமில்லை. பூட்ஸுக்குத்தான் பஞ்சம். அதற்கு முன்னாள் மாணவர்களிடம் பேசியிருக்கிறேன். எட்டு ஜோடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரட்டும், அப்புறம் சொல்கிறேன்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. ஆனால் இதையும் சேர்க்காமல் இருக்க முடியாது: இந்தப் பருவத்தில் பயிற்சி நாள் ஒவ்வொன்றிலும் சுண்டல் அவித்துக் கொண்டுவந்த ஐந்து அம்மாக்களுக்கும், அணியை மூன்று ஆட்டோக்களில் காசு வாங்காமல் ஏற்றிச் சென்றவர்களுக்கும், பழைய ஜெர்சிகளில் ராத்திரியோடு ராத்திரியாக எண் தைத்துக் கொடுத்த டெய்லர் அண்ணனுக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. 0-4 என்று தோற்ற பிறகும் கைதட்டியபடியே நின்ற ஒரு பாட்டியையும் பார்த்தேன். யார் வீட்டுப் பாட்டி என்று தெரியவில்லை. அவருக்கும் நன்றி.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். டி.சி. கேட்ட ஐவரும் கட்டாயம் வாருங்கள். ஆறாம் வகுப்புப் பெண்ணின் பெற்றோரை நானே நேரில் போய் அழைத்திருக்கிறேன். அவர்கள் வரும்போது நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: அரையிறுதி அன்று மைதானத்தில் விட்டுப்போன ஒரு எவர்சில்வர் தூக்கு, இரண்டு குடை, இடது கால் பூட்ஸ் ஒன்று ஆகியவை அலுவலகத்தில் இருக்கின்றன. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.