கோழியும் டைனோசரும்: தரம் 7 பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களே,

வணக்கம்.

சில நாட்களாகப் பாடசாலை வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. தரம் 7 பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, கோழியும் காகமும் டைனோசர் என்று சொல்கிறார்களாம். "கோப்பையில டைனோசர் கிடக்குது எண்டு சொல்லி மகள் கறியைத் தொடுறாளில்லை, சேர்" என்றார் ஒரு தாயார். பரீட்சையில் அப்படி எழுதினால் புள்ளி வெட்டுவார்களா என்று கேட்டார் ஒரு தந்தை. உயிரோடு இருக்கும் டைனோசர் முதலைதானே, பிள்ளை மாறி விளங்கிக்கொண்டுவிட்டதோ என்றும் சிலர் கேட்டீர்கள். தனித்தனியே பதில் சொன்னால் பாதிப்பேருக்கு அரைகுறையாகவே போய்ச் சேரும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பிள்ளைகள் சொல்வது சரி. பறவைகள் டைனோசர்கள்தான். விஞ்ஞான ஆசிரியை பகிடிக்குச் சொன்னதல்ல. உலகெங்கும் உயிர்ச்சுவடுகளை, அதாவது பாறைகளில் தங்கிப்போன பழைய உயிர்களின் எச்சங்களை, ஆராய்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் இன்று ஏற்றுக்கொண்டிருக்கும் முடிவு இது. முதலை டைனோசர் இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கோழி எங்கே, அந்த ராட்சத மிருகம் எங்கே என்று கேட்பது நியாயம். தோற்றத்தைப் பார்த்து இனம் பிரித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நம் ஊரில் கடலுக்குப் போகிறவர்களுக்குத் திமிங்கிலம் புதிதல்ல. அது கடலில்தான் வாழ்கிறது, ஆனால் மேலே வந்து மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. தரையில் நான்கு காலில் நடந்த பாலூட்டிகளின் வழியில் வந்த உயிர் அது. நீந்துவதால் மீனாகிவிடவில்லை. இன்றைய உயிரியல் இப்படி வந்த வழியைப் பார்த்தே கூட்டம் பிரிக்கிறது. ஒரு மூதாதையையும் அதன் வழிவந்த அத்தனை உயிர்களையும் சேர்த்து ஒரே கூட்டமாக எடுக்கிறார்கள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைக்கு ஊரும் உடையும் பேச்சும் மாறலாம், அதற்காக அந்தப் பிள்ளை நம் வம்சம் இல்லை என்று யாரும் சொல்வதில்லையே. இரண்டு காலில் நடந்து இறைச்சி தின்ற டைனோசர்களின் ஒரு கிளை காலப்போக்கில் உடல் சிறுத்து, முன்கால்கள் சிறகாகி, பறக்கத் தொடங்கியது. அந்தக் கிளைதான் இன்றைய ஏறத்தாழ 11,000 பறவையினங்கள். படங்களில் வரும் ராட்சத இறைச்சியுண்ணி டைனோசரான டி-ரெக்ஸ், கோழியின் நேரடி மூதாதை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அதை அடிக்கடி மாற்றிச் சொல்கிறார்கள். அது அதே பெரிய பிரிவில் உள்ள தூரத்து உறவு.

இதை நம்புவதற்கு நூதனசாலைக்குப் போகத் தேவையில்லை. அடுத்த முறை வீட்டில் ஊர்க்கோழிக் கறி வைக்கும் நாளில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில், சமைப்பதற்கு முன் கால். கணுக்கால் மூட்டுக்குக் கீழே இறகு கிடையாது. வரிசை வரிசையாகச் செதில், நுனியில் வளைந்த நகம், முன்னால் மூன்று விரல்கள். 1836இல் எட்வர்ட் ஹிட்ச்கொக் என்ற அமெரிக்கர், கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாறைகளில் பதிந்திருந்த மூன்று விரல் தடங்களை ஆராய்ந்து, இவை மிகப் பெரிய பறவைகள் நடந்த தடங்கள் என்று எழுதினார். டைனோசர் என்ற ஒரு கூட்டம் இருந்தது என்பதே அன்று தெரியாது. ஆங்கிலேய விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் அந்தப் பெயரை வைத்தது 1842இல்தான். அவை டைனோசர்களின் தடங்கள் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் தடத்தைப் பார்த்தவுடன் பறவை என்று நினைத்த அந்த மனிதரின் கண்ணை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டாவது, இடுப்பு. நன்றாக அவிந்த கோழியில் தொடையெலும்பின் தலை இடுப்போடு பொருந்தும் குழியைப் பாருங்கள். அதன் அடி மூடியிருக்காது. ஓட்டை வழியே மறுபக்கம் தெரியும். ஆட்டிறைச்சியில் அதே இடத்தைப் பார்த்தால் குழி மூடியிருக்கும். இந்தத் திறந்த குழி டைனோசர்களின் அடையாளம். அவற்றின் கால்கள் பல்லியினதைப்போல் பக்கவாட்டில் விரியாமல் உடலுக்கு நேர் கீழே இறங்கின. பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் இதைப் பார்த்த நாளில் வகுப்பில் எழுந்த சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. யாரையும் அதட்ட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்பின் முன்னால் இருக்கும் கவட்டை வடிவச் சிறு எலும்பு. இரண்டு காறை எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது அது. கடித்துத் துப்பிவிடுகிற இந்தத் துண்டினால்தான் விஞ்ஞானம் பல பத்தாண்டுகள் வழி மாறிப் போனது. 1860களிலேயே ஆங்கிலேய விஞ்ஞானி தோமஸ் ஹக்ஸ்லி, பறவைகளுக்கும் டைனோசர்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்று எடுத்துக்காட்டியிருந்தார். ஜேர்மனியின் சோல்ன்ஹோபன் சுண்ணாம்புக் கற்களில் 1861இல் கிடைத்த ஆர்க்கியொப்டெரிக்ஸ் அவருக்குத் துணை நின்றது. ஏறத்தாழ 150 மில்லியன் ஆண்டுகள் பழமையான அந்த உயிருக்கு இறகும் உண்டு, பல்லும் உண்டு, எலும்புள்ள நீண்ட வாலும் உண்டு. ஆனால் 1926இல் கெர்ஹார்ட் ஹெயில்மன் என்ற டென்மார்க் நாட்டவர், டைனோசர்களுக்குக் காறை எலும்பே இல்லை, இழந்த எலும்பு திரும்ப முளைக்காது, எனவே பறவைகள் அவற்றிலிருந்து வந்திருக்க முடியாது என்று வாதிட்டார். அந்த வாதத்தைப் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டார்கள். உண்மையில் அந்த எலும்பு டைனோசர்களுக்கு இருந்தது. மெல்லியது என்பதால் பல உயிர்ச்சுவடுகளில் தப்பவில்லை, தப்பியதையும் வேறு எலும்பு என்று எண்ணிவிட்டார்கள். இன்று டி-ரெக்ஸுக்கும் அது இருந்தது என்று தெரியும்.

வாதத்தை மறுபடி திருப்பியவர் ஜோன் ஒஸ்ட்ரொம் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். 1964இல் அமெரிக்காவின் மொன்டானாவில் அவர் கண்டெடுத்த டெய்னோனிகஸ் என்ற வேட்டை டைனோசரின் மணிக்கட்டும் கையும் ஆர்க்கியொப்டெரிக்ஸினதோடு அப்படி ஒத்துப்போயின. அப்புறம் 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் சினோசொரொப்டெரிக்ஸ் வெளிவந்தது. உடல் முழுக்கத் தும்பு போன்ற மெல்லிறகு மூடிய, பறக்காத, சிறிய டைனோசர். அதன் இறகில் தங்கியிருந்த நிறத்துணிக்கைகளை ஆராய்ந்து, வால் செம்மண் நிறத்தில் வரி வரியாக இருந்தது என்று 2010இல் சொன்னார்கள். மற்றொன்று நம் வங்காள விரிகுடாவின் மறுகரையிலேயே கிடைத்தது. மியன்மாரின் சந்தை ஒன்றில், நகை செய்வதற்காக விற்பனைக்கு வைத்திருந்த ஒரு அம்பர்த் துண்டுக்குள், அதாவது இறுகிக் கல்லாகிப்போன மரப்பிசினுக்குள், இறகோடு கூடிய ஒரு சிறு டைனோசரின் வால் இருந்தது. 2016இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். வயது ஏறத்தாழ 99 மில்லியன் ஆண்டுகள், மரப்பிசினுக்குள் இறகு இறகாகவே இருந்தது.

கோழி வளர்க்கும் வீடுகளுக்கு இன்னொரு செய்தி. 1920களில் மொங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் முட்டைக் கூடு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு டைனோசரின் எலும்புகள் கிடைத்தபோது, அது முட்டை திருட வந்தது என்று முடிவு கட்டினார்கள். 1990களில் அதேமாதிரி முட்டைக்குள் கரு கிடைத்தது. அது, திருட வந்ததாகச் சொன்ன அதே வகையைச் சேர்ந்த டைனோசரின் குஞ்சு. சிலவற்றின் எலும்புக்கூடுகள் கூட்டின்மேல் கைகளை விரித்து, அடைகிடந்த நிலையிலேயே கிடைத்தன. அடைக்கோழியைத் தூக்கப்போய்க் கொத்து வாங்கியவர்களுக்கு அந்த நிலையைப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. இந்தியாவின் நர்மதைப் பள்ளத்தாக்கிலிருந்து 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததாக 2023இல் ஆய்வு வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு, அதே பகுதியில் முட்டைக்குள் முட்டை இருந்த டைனோசர் முட்டை ஒன்றை அறிவித்திருந்தார்கள். அதுவரை பறவைகளில் மட்டுமே கண்ட குறை அது. நாட்டுக் கோழியில் எப்போதாவது அப்படி ஒரு முட்டை உங்கள் கையிலும் வந்திருக்கலாம்.

சரி, முதலைக்கு வருவோம். முதலையும் டைனோசரும் மிகப் பழைய ஒரே கூட்டத்திலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். பிரிவு நடந்தது டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே. எனவே முதலை டைனோசரின் உறவு, டைனோசர் அல்ல. இதில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விடயம், முதலைக்கு இன்று உயிரோடு உள்ளவற்றில் மிக நெருங்கிய உறவு பல்லியோ பாம்போ அல்ல, பறவை என்பதுதான். முதலையின் இதயத்திலும் பறவையினதைப் போலவே நான்கு அறைகள் உண்டு. உடும்பும் கபரகொய்யாவும் பார்வைக்கு எவ்வளவு டைனோசராகத் தெரிந்தாலும் பல்லி வகைதான். கடலாமையும் டைனோசர் அல்ல. கோயில் திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் டைனோசர்ப் பையில் தோல் சிறகோடு ஒன்று இருக்கும். அதுவும் டைனோசர் அல்ல, பறக்கும் ஊர்வனவாகிய வேறொரு கிளை. பறவைகள் அதிலிருந்து வரவில்லை.

கோணேசர் மலையைத் தோண்டினால் டைனோசர் எலும்பு வருமா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. வராது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறை. டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல நூறு மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே அது உருவாகிவிட்டது. கோட்டைக்குள் மான்களுக்கிடையில் நடந்து மலைக்குப் போகும்போது பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

மற்ற டைனோசர்கள் அழிந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதாவது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். ஏறத்தாழ 10 கிலோமீற்றர் குறுக்களவுள்ள ஒரு விண்கல் இன்றைய மெக்சிகோவின் யுகட்டான் கரையில் விழுந்தது. தூசும் புகையும் வெயிலை மறைத்தன, செடிகொடி பட்டுப்போனது, பெரிய விலங்குகள் தாக்குப்பிடிக்கவில்லை. பறவைகளிலும் பெரும்பகுதி அழிந்தது. சிறிய உடல், தரையில் விதை பொறுக்கித் தின்னும் அலகு ஆகியவை இருந்த சில தப்பியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

பரீட்சை பற்றிக் கேட்ட தந்தைக்கு: "டைனோசர்கள் அழிந்துவிட்டன" என்ற கூற்று வந்தால், "பறவைகள் தவிர்ந்த ஏனைய டைனோசர்கள் அழிந்துவிட்டன" என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் பாடசாலைத் தவணைப் பரீட்சையில் அதற்கு முழுப்புள்ளி உண்டு.

சமய நம்பிக்கையோடு இது முரண்படுமோ என்று இருவர் மிகுந்த மரியாதையோடு என்னிடம் கேட்டீர்கள். விஞ்ஞான வகுப்பில் எலும்பும் பாறையும் காட்டுவதைப் படிப்பிக்கிறோம். உயிர் ஏன் படைக்கப்பட்டது என்ற கேள்வியில் அந்த வகுப்பு கைவைப்பதில்லை. சமய பாடத்துக்கு அதற்குரிய நேரமும் ஆசிரியரும் இருக்கிறார்கள். பிள்ளை வீட்டில் கேட்டால் "அதெல்லாம் உனக்குத் தேவையில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது என் தாழ்மையான வேண்டுகோள். கேள்வியோடு என்னிடம் அனுப்பிவிடுங்கள், நான் கதைக்கிறேன். கறி சாப்பிடாத மகளையும் ஒருநாள் இடைவேளையில் என் அறைக்கு வரச் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 6.30 மணிக்கு தரம் 7 பிள்ளைகளை நிலாவெளிக் களப்புப் பக்கம் கூட்டிப்போகிறோம். கொக்கு, நாரை, நெடுங்கால் உள்ளான் எல்லாம் சேற்றில் இரை தேடும் நேரம் அது. நெடுங்கால் உள்ளானுக்குப் பின்விரல் கிடையாது. அதனால் அது நடந்துபோன இடத்தில் மூன்று விரல் தடம் மட்டும் தெளிவாக விழும். பிள்ளைகள் அந்தத் தடங்களை அளந்து கொப்பியில் வரைந்து, ஆசிரியை கொண்டுவரும் டைனோசர்த் தடப் படங்களோடு ஒப்பிடுவார்கள். பறவையைத் துரத்துவதும் கல்லெறிவதும் கூட்டைத் தொடுவதும் கண்டிப்பாகக் கூடாது. வீட்டிலேயே ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.

தொப்பி, தண்ணீர்ப் போத்தல், அடிமட்டம், பென்சில், சேற்றில் போகக்கூடிய பழைய செருப்பு ஆகியன போதும். காலை உணவைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும். பணம் எதுவும் வேண்டாம். இத்துடன் உள்ள சம்மதத் துண்டில் கையொப்பமிட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியையிடம் கொடுத்தனுப்புங்கள். பஸ்ஸில் ஆறு இடம் மிச்சம் இருக்கிறது, கூட வர விரும்பும் அம்மாமார், அப்பாமார், தாத்தா பாட்டிமார் துண்டின் பின்பக்கம் பெயரை எழுதிவிடுங்கள்.

இங்ஙனம்,
அதிபர்,
திருகோணமலை