ஆடிக் கஞ்சிப் பொட்டலங்களில் விவரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிக் கடைகளில் ஆடிக் கஞ்சிப் பொட்டலங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. மழைக்காலத்தில் செரிமானத் தீ மந்தப்பட்டு, உடலின் மூன்று தோஷங்களுள் ஒன்றான வாதம் கூடும் என்று ஆயுர்வேதம் கருதுவதால், மருத்துவக் குணமுள்ளதாகக் கருதப்படும் ஞவரை அரிசியோடு வெந்தயம், சீரகம், சுக்கு சேர்த்து வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு இளஞ்சூட்டில் குடிப்பது நம் மாவட்டத்தின் நல்ல வழக்கம். ஆனால் சில பொட்டலங்களில் சேர்மானமோ தயாரித்த தேதியோ இல்லை. மூலிகைகளைப் பொடித்தபின் எந்த வேர், எந்த இலை என்று வாங்குபவரால் அறிய இயலாது. வெந்தயம் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது என்பதால், சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் இதை நாள்தோறும் குடிப்பது சரியன்று. உணவுப் பாதுகாப்புத் துறையினர் இவற்றைச் சோதிக்க வேண்டும். கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி, ஆடி பிறக்கும் முன்பே ஊராட்சிதோறும் ஆலோசனை முகாம் நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை