தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் லாரிகளில் சில, டீசல் மிச்சமாகும் என்று தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினையே அணைத்துவிடுவதும் இன்னும் ஓயவில்லை. கியரில் இறங்கினால் இன்ஜினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, டிரம் கொதித்து, எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காத நிலை வந்துவிடுகிறது. இன்ஜின் நின்றால் ஏர் பிரேக்குக்குக் காற்றும் ஏறாது.

அண்மையில் கணவாய்க்குக் கீழே ஒரு தேநீர்க் கடையில் நின்றிருந்தபோது, பின்சக்கரத்தில் புகையும் தீய்ந்த நாற்றமுமாக ஒரு லாரி வந்து நின்றது. ஓட்டுநரிடம் கேட்டேன். "பதினஞ்சு வருஷமா இப்படித்தாண்ணா இறங்குறேன், ஒண்ணும் ஆகல" என்றார். தப்பித்த நாள்களையே பாதுகாப்புக்குச் சான்றாக எண்ணும் இந்த மனம்தான் எச்சரிக்கைப் பலகைகளைப் படிக்கவிடாமல் செய்கிறது. கணவாயிலுள்ள இரட்டைப் பாலத்தருகே முன்னால் செல்லும் காரில் குழந்தைகள் இருப்பதையும் மறக்கச் செய்கிறது. இத்தனைக்கும், இன்றைய மின்னணு டீசல் இன்ஜின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் செல்வது நின்றுவிடும்; நியூட்ரலில்தான் செலவாகிக்கொண்டே இருக்கும்.

மைலேஜ் குறைந்தால் ஓட்டுநரைக் கடிந்துகொள்ளும் உரிமையாளர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. கணவாய்க்கு முந்தைய சுங்கச்சாவடியில் சரக்கு லாரிகளைச் சில நிமிடம் நிறுத்தி, பிரேக்கைச் சோதித்து, இதை ஓட்டுநர்களிடம் நேரில் விளக்கிய பிறகே அனுப்புமாறு மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறேன்.

— ஒரு வாசகர், தருமபுரி