ஏசியில் கேஸ் தீராது: மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

வீடு வீடாக ஏறி இறங்கி ஏசி பழுது பார்ப்பவர்களுக்கு,

வணக்கம். மொட்டை வெயிலில், கால் வைக்க இடமில்லாத சுவரோரத்தில் நின்று அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுகிறவர்கள் நீங்கள். அந்தச் சிரமம் தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது.

எங்கள் வீட்டு ஏசிக்கு மூன்று வருடத்தில் மூன்று முறை கேஸ் நிரப்பினோம். வந்தவர்கள் வேறு வேறு ஆட்கள், சொன்ன காரணம் மட்டும் ஒன்றுதான்: "கேஸ் தீர்ந்துபோச்சுங்க." வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி இதுவும் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். நான்காவதாக வந்தவர் சிலிண்டரைத் தொடவே இல்லை. சோப்பு நுரையைக் குழைத்துச் செப்புக் குழாயின் இணைப்பில் தடவினார். நட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு குமிழ் ஊதிக்கொண்டு வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், அவ்வளவுதான். மூன்று வருடமாக நாங்கள் நிரப்பியதெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

ஏசிக்குள் எதுவும் எரிவதில்லை. உள்ளே இருக்கும் காயிலில், அதாவது சுருள் குழாயில், திரவ நிலையில் வரும் கேஸ் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளியே அனுப்புகிறது. வெளிக் காயிலில் அது வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் "தீர்ந்துபோச்சு" என்று சொல்வதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றும் உண்டு. குளிரவில்லை என்றதும் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டுகிறீர்கள், அழுத்தம் குறைவாகக் காட்டுகிறது, உடனே கேஸ் ஏற்றிவிடுகிறீர்கள். ஃபில்டர் தூசியால் அடைத்துக் கிடந்தாலும் அழுத்தம் குறையும் அல்லவா? காற்று போதாமல் காயிலில் ஐஸ் கட்டினாலும் முள் இறங்கத்தானே செய்யும்? அந்த நிலையில் கேஸ் ஏற்றினால், ஃபில்டரைக் கழுவிய மறுநாளே அது அளவுக்கு மிஞ்சிய கேஸ் ஆகிவிடும், கம்ப்ரசர்தான் பாடுபடும். அதனால் முதலில் ஃபில்டர், அப்புறம் உள் காயில், வெளிக் காயில், ஃபேன் சுற்றுகிறதா, மோட்டார் ஓட உதவும் கெபாசிட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் கேஜை எடுங்கள்.

லீக்கை அடைத்த பிறகு வேக்குவம் போடுவதையும், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பதையும், தவிர்க்காதீர்கள். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிடும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அதில் ஈரம் முழுவதும் போகாது. மிச்சமிருக்கும் ஈரம் குறுகலான இடத்தில் உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்தால் அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். பம்பை ஓட்டி, நிறுத்தி, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க ஆகும் நேரத்துக்கும் கூலி கேளுங்கள், தருகிறோம்.

எவ்வளவு கேஸ் வேண்டும் என்பது யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே கிராம் கணக்கில் இருக்கிறது. குழாய் நீளமாக இருந்தால் கூடுதலாக எவ்வளவு என்பதைக் கையேடு சொல்லும். தராசில் வைத்து ஏற்றுங்கள். கேஸின் பெயர் ஆர்-32 என்று எழுதியிருந்தால் அது லேசாகத் தீப்பற்றும் வகை. குழாயை நெருப்பு வைத்து ஒட்டுவதற்கு முன் கேஸை முழுவதும் எடுத்துவிடுவது முதலில் உங்கள் உயிருக்காகத்தான். அந்தக் கேஸைக் குழாயைத் திறந்து காற்றில் விடுவதும் சின்ன விஷயமில்லை. ஒரு கிலோ ஆர்-32 நூறு ஆண்டுகளில் பூமியைச் சூடாக்குவது, சுமார் 675 கிலோ கரியமில வாயு செய்வதற்குச் சமம். வீட்டைக் குளிர வைக்க வந்த இடத்தில் ஊரைச் சூடாக்கிவிட்டுப் போவானேன்?

குளிர்காலத்துக் கதை வேறு மாதிரி. ஹாட் அண்ட் கோல்டு ஏசியில் ஒரு வால்வு திரும்பினால் கேஸ் ஓடும் பாதை மாறி, வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். அப்போது குளிர்வது வெளிக் காயில் என்பதால் அதில் உறைபனி படியும். அதைக் கரைக்க இயந்திரம் அவ்வப்போது சில நிமிடம் தானாகவே பழைய பாதைக்குத் திரும்பும், உள் ஃபேன் நின்றுவிடும், வெளியே ஆவி கிளம்பும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது புகை என்று நினைத்து மெயின் சுவிட்சையே அணைத்தவன் நான். பொருத்தியவர் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அமர்க்களம் இருந்திருக்காது.

எங்கள் மீதும் குறை உண்டு, மறைக்கவில்லை. கோடை முழுக்க ஓட்டிவிட்டு ஃபில்டரை ஒருமுறைகூடக் கழற்றாத வீடுகள் ஏராளம். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அவுட்டோர் யூனிட்டை ஒட்டிப் பழைய சாமான்களை அடுக்கிக் காற்றை அடைப்பதும் நாங்கள்தான். பதினாறில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருப்பதும் நாங்கள்தான். இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். ஃபில்டரை எப்படிக் கழற்றுவது என்று ஒரு தடவை செய்து காட்டினால் போதும், அடுத்த முறை அந்த வேலைக்காக நீங்கள் வரவே வேண்டாம். உங்களுக்கு ஒரு சர்வீஸ் குறையும், உண்மைதான். ஆனால் பெரிய வேலை வந்தால் யாரைக் கூப்பிடுவோம் என்று நினைக்கிறீர்கள்?

சர்வீஸ் முடித்ததும் தண்ணீர்த் தட்டில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அது குழாய் வழியாக வெளியே சொட்டுவதையும் காட்டிவிட்டுப் போங்கள். பாதி ராத்திரியில் சுவரில் தண்ணீர் வழிந்து எங்களை எழுப்புவது பெரும்பாலும் அந்த அடைப்புதான்.

எங்கள் அவுட்டோர் யூனிட் இருக்கும் பால்கனிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தேதி, என்ன பழுது, எங்கே லீக், எத்தனை கிராம் கேஸ், அடுத்து வருகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று கட்டம் போட்டிருக்கிறேன். முதல் வரியை அந்த நான்காவது ஆள் எழுதியிருக்கிறார். பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்று முறை கேஸ் நிரப்பிய வீட்டுக்காரன்