பெரிய டயர் பூட்டிக் கொடுக்கும் கராஜ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் டயர்க் கடையும் கராஜும் நடத்தும் அண்ணன்மார், நாநாமார், தம்பிமார் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் கம்பெனி அளவை விடப் பெரிய டயர் போடும் ஆசை நம் பக்கம் நன்றாகவே பரவிவிட்டது. ஆசையில் குற்றமில்லை. மாரியில் படுவான்கரை வயல் வட்டைக்குள் போய் வருகிறவருக்கு உயரம் வேண்டும்தான். ஆனால் டயரை மாற்றிவிட்டு, பிரேக்கைத் தொட்டும் பார்க்காமல் சாவியைக் கையில் கொடுத்து அனுப்புகிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்று வாடிக்கையாளர் சொல்வார். கராஜ் வாசலில் எல்லா வண்டியும் நிற்கும். கணக்கைப் பாருங்கள். பிரேக் பிடிப்பது சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டை, அதாவது டிஸ்க்கை. அந்தப் பிடி தரைக்குப் போய்ச் சேர்வது டயர் வழியாக. சில்லின் நடுவிலிருந்து தரை எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்குப் பிடி குறையும். 28 அங்குல டயரைக் கழற்றி 32 அங்குலம் போட்டால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடியில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. அதோடு வேகம் காட்டும் மீட்டரும் பொய் சொல்லும். முள் 70 இல் நிற்கும்போது வண்டி 80 இல் போகிறது. 80 இல் போகும் வண்டியை நிறுத்த, 70 இல் போவதை நிறுத்துவதை விட 30 சதவீதம் கூடுதல் சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். இரண்டையும் சேருங்கள்: முன்பு 30 மீட்டரில் நின்ற வண்டி, முள் அதே வேகத்தைக் காட்டும்போது, அதே மிதியில் ஏறக்குறைய 45 மீட்டர் ஓடித்தான் நிற்கும். புது டயரின் கூடுதல் எடையை நான் இன்னும் சேர்க்கவேயில்லை.

சில்லு இறுகும் அளவுக்கு ஏறி மிதித்தால் கணக்கு வேறு, அங்கே டயரின் பிடிமானம்தான் தீர்மானிக்கும். சரி. ஆனால் அப்படி மிதிக்கக் காலுக்கு இன்னும் பலம் வேண்டும், டிஸ்க்கும் இன்னும் சூடாகும். மகா ஓயாப் பக்கம் யானை, கல்முனை ரோட்டில் இரவில் படுத்திருக்கும் மாடு, அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டை மறித்துக் காயும் நெல். நம் ஊரில் 15 மீட்டர் சின்ன விஷயமில்லை.

இதைச் சொன்னால் தம்பிமார் ஃபோனை எடுத்து அலாஸ்கா விமான வீடியோவைக் காட்டுகிறார்கள். ஆற்றங்கரைக் கூழாங்கல் மேல் குட்டி விமானம் பலூன் மாதிரி டயரோடு வந்து இறங்கி, சட்டென்று நிற்கிறது. "அவனே போடுறான் அண்ணன்!" போடுகிறான்தான். பைப்பர் சூப்பர் கப் போன்ற அந்த விமானங்களில் 31 அங்குல டயர்கூட சாதாரணம். காற்றோ 10 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு. ரிம் மட்டும் அதே பழைய 6 அங்குலம், டிஸ்க்கும் அதற்கேற்ற சின்னது. 20 அங்குலத்துக்குப் பக்கத்து அளவில் இருந்த டயரை 31 ஆக்கியதும், பிரேக் பிடியில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். கிளம்புமுன் இஞ்சினை முறுக்கிச் சோதித்தால் பிரேக்கை மிதித்தபடியே விமானம் மெல்ல நகரும். இது அங்கே எல்லாரும் அறிந்த தொல்லை.

அதனால் அவர்கள் பிரேக்கையும் மாற்றுகிறார்கள். பேட் கட்டையை டிஸ்க்கோடு அழுத்துகிற கெலிப்பரில் ஒற்றைப் பிஸ்டனுக்குப் பதில் இரட்டைப் பிஸ்டன், சூட்டைத் தாங்கத் தடித்த டிஸ்க், மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தம் கூட்டச் சின்னத் துளை. அதிலும் அளவு உண்டு. வாலின் கீழே மூன்றாவது சில்லு உள்ள இந்த மாதிரி விமானத்தில் பிரேக் மிஞ்சினால் மூக்குக் குத்தி, விசிறி தரையில் அடிபடும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தக்கூடிய பிரேக்தான் விமானிக்கு வேண்டும். வீடியோவில் டயர் தெரிகிறது, கெலிப்பர் தெரிவதில்லை.

அதற்காக மாஸ்டர் சிலிண்டர் வித்தையை இங்கே கொப்பி அடிக்க வேண்டாம். அந்த விமானத்தில் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி சிலிண்டர். நம் வண்டியில் ஒன்றே நாலு சில்லையும் பார்க்கிறது. துளையைக் குறைத்தால் பெடல் ஆழமாக இறங்கும், பழைய வண்டியில் தரையைத் தட்டினாலும் ஆச்சரியமில்லை. அதே மொடலின் பாரமான ரகத்துக்கு வரும் பெரிய டிஸ்க்கும் கெலிப்பரும் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நல்ல பேட், நேரான டிஸ்க், புது பிரேக் ஒயில். இதுவே பாதி வேலை.

ஒயில் விஷயத்தில் நாம் ரொம்ப அசட்டை. டொட் 3 ரக பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிவிட்டால் அந்த எல்லை 140. வாவிக் காற்றும் மாரி மழையும் உள்ள ஊரில் வருஷக்கணக்காக அதே ஒயிலோடு ஓடி, பதுளை ரோட்டில் பிபிலைப் பக்கம் இறக்கத்தில் ஒயில் கொதித்துப் பெடல் பஞ்சாகிப் போனால் யாரைக் கேட்பது? இன்னொன்று, சிவப்பு நிறப் பவர் ஸ்டீயரிங் ஒயிலை பிரேக் தாங்கியில் ஊற்றும் பழக்கம். ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். விமான பிரேக்கில் சிவப்பு ஒயில்தான், ஆனால் அந்த ரப்பர் வேறு.

போன மாரியில் ஒரு ஜீப் என்னிடம் வந்தது. வேறெங்கோ டயர் பூட்டியது. முன் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, ஒரு பக்கப் பேட்டில் இரும்புத் தகடுதான் மிச்சம். ஸ்டீயரிங்கை வலது முனை வரை திருப்பினேன். டயரின் தோள் பிரேக் ஹோஸை உரசி, மேல் ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. பூட்டிய அன்றே இரண்டு முனைக்கும் திருப்பிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும். வண்டியை உயர்த்தியும் இருந்தால், ஜாக்கியில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

வருஷா வருஷம் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம். புகையைப் பார்க்கும் இடத்தில் பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே டயர் பூட்டுகிற இடம்தான் கடைசி வாசல்.

டயர்க் கடைக்காரர்கள் பழைய அளவையும் புது அளவையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். மீட்டர் 70 காட்டினால் உண்மை வேகம் என்ன என்றும் ஒரு வரி எழுதி, டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். கராஜ்காரர்கள் புது பேட்டை மிதமாக மிதித்து மிதித்துப் பழக்கி, வெறும் ரோட்டில் ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். "பிரேக் வேலைக்குக் காசில்லை, டயர் மட்டும் போடுங்கோ" என்று நிற்கிறவரிடம், காசு சேர்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவர் அடுத்த கடைக்குப் போவார் என்ற பயம் எனக்கும் தெரியும். அடுத்த கடைக்காரரும் இதை வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நெல் மூட்டையோடு பிரேக்கே இல்லாமல் ஓடும் டிராக்டர் பெட்டிகளைப் பற்றித் தனியாக எழுதுவேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு கராஜ்காரன்