'உங்கள் வருமானம்' என்று அச்சிடுகிறவர்களுக்கு

முதலீட்டுத் தொகுப்புகளை நிர்வகிப்பவர்களுக்கும் அறிக்கை தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். எனக்கு வந்த அறிக்கையின் முதல் பக்கத்தில், பச்சை நிறத்தில், 'உங்கள் வருமானம்: ஆண்டுக்கு 9.5%' என்று இருந்தது. சந்தோஷம். அப்புறம் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இரண்டு வருஷத்தில் நான் போட்டது 9,500. இப்போது இருப்பது 8,000. (எண்களைச் சுருக்கியிருக்கிறேன், கதை அதேதான்.)

நடந்தது இது. முதலில் 1,000 போட்டேன். ஒரு வருஷத்தில் 50% ஏறி 1,500 ஆனது. ஏறினதைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? மேலும் 8,500 போட்டேன். அடுத்த வருஷம் 20% இறங்கி, 10,000 என்பது 8,000 ஆனது.

நீங்கள் 1.5-ஐ 0.8-ஆல் பெருக்கி, 1.2 என்று, அதாவது இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து 20% ஏற்றம் என்று எடுத்து, அதைக் கூட்டு வட்டி முறையில் ஆண்டுக்கு 9.5% ஆக்கியிருக்கிறீர்கள். கணக்கில் தப்பில்லை. எந்த வருஷம் எவ்வளவு பணம் உள்ளே இருந்தது என்பதை இந்த முறை பார்க்காது. மேலாளரை எடைபோட அதுதான் நியாயமும்கூட. நான் எப்போது பணம் போடுவேன் என்பது அவர் கையிலா இருக்கிறது? ஆனால் அது அவர் வாங்கிய மார்க். என் பணம் வந்த தேதியையும் தொகையையும் வைத்து எக்ஸெல்லில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற சூத்திரத்தைப் போட்டால், ஆண்டுக்குச் சுமார் 14.5% நஷ்டம் என்று வருகிறது.

போனில் பேசிய விற்பனைப் பிரதிநிதி இன்னும் ஒருபடி மேலே போனார். ஐம்பதில் இருபதைக் கழித்து, இரண்டால் வகுத்து, 'சராசரி 15% சார்' என்றார். அவர் வழியில் போனால், 50% ஏறி 50% இறங்கினால் சராசரி பூஜ்யம், நஷ்டமே இல்லை. 100 போட்டவர் கையில் என்னவோ 75தான் இருக்கும்.

மூன்று மாதத்தில் வந்த 4 சதவீதத்தை 'ஆண்டுக்கு 17%' என்று ஊதிக் காட்டுவதையும் விட்டுவிடுங்கள். ஒரு வருஷத்துக்குக் குறைந்த காலத்தை ஆண்டுக் கணக்காக்கக் கூடாது என்று ஜிப்ஸ் என்ற சர்வதேச அறிக்கை நெறிமுறையே சொல்கிறது. கட்டணம் கழித்த எண்ணா, கழிக்காததா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் ஒளிக்க வேண்டாம்.

9.5-ஐ எடுக்கச் சொல்லவில்லை. அதற்குமேல் 'மேலாளரின் செயல்பாடு' என்று எழுதுங்கள். 'உங்கள்' என்ற சொல்லை மைனஸ் 14.5-க்குப் பக்கத்தில் வையுங்கள், அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்