உன் தக்காளி ஏன் மாறவில்லை

அன்பு சண்முகத்துக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி தோட்டத்தில் இறங்கிவிட்டாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பன்னிரண்டாவது முடித்துவிட்டு, தாவரவியல்தான் படிப்பேன் என்கிறாள். வீட்டில் யாரும் தூண்டவில்லை, அவளாகவே சொன்னாள். அன்று முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை.

நீ கேட்டதை நாலு நாளாக மனசில் உருட்டிக்கொண்டிருந்தேன். பத்து வருஷமாக உன் நாட்டுத் தக்காளியில் நீயே விதை எடுக்கிறாய், பழம் அச்சு மாறாமல் வருகிறது. கம்பு மட்டும் பக்கத்துக் காட்டுக் கம்போடு கலந்து போகிறது. ஏன் என்று கேட்டாய்.

விடை பூவில்தான் இருக்கிறது. கம்பங்கதிரில் சூல்முடிகள், அதாவது மகரந்தத்தை வாங்கும் பெண்பாகத்தின் நுனிகள், முதலில் வெளியே வந்துவிடும். மகரந்தப் பைகள் பிறகுதான் வரும். அந்த இடைவெளியில் காற்று எந்தக் காட்டு மகரந்தத் தூளைக் கொண்டுவருகிறதோ, அதுவே விதைக்கு அப்பன். தக்காளிப் பூவைப் பிரித்துப் பார். மஞ்சள் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழல்போல நிற்கும், உள்பக்கமாகவே வெடிக்கும். சூல்முடி அந்தக் குழலுக்குள் இருக்கும். காற்றில் பூ ஆடினால் போதும், தன் தூள் தன் மேலேயே விழும். இப்படித் தனக்குத்தானே காய்க்கும் செடியில் அப்பன் வழியும் அம்மா வழியும் வேறுபட்டு நிற்கும் மரபணுக்கள் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். 100 இடத்தில் வேறுபாடு இருந்தால் பிள்ளையில் சராசரி 50, பேரனில் 25. பத்துத் தலைமுறையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். உன் விதை மாறாமல் வருவதற்குக் காரணம், அதில் மாறுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

ஆனால் தக்காளியின் பங்காளிகள் இப்படி இல்லை. பெருவிலும் சிலியிலும் வளரும் சில காட்டுத் தக்காளிகள் தங்கள் மகரந்தத்தையே ஏற்காது. தூள் சூல்முடியில் விழும், முளைக்கும், மகரந்தக் குழாய் சூல்முடியைத் தாங்கும் சூல்தண்டுக்குள் இறங்கும். பாதி வழியில் நின்றுவிடும். சூல்தண்டில் சுரக்கும் ஒரு புரதம் அந்தக் குழாய்க்குள் நுழைந்து அது வளரத் தேவையான ஆர்என்ஏ என்ற மூலக்கூறைச் சிதைக்கிறது. வேறு வகை அடையாளம் கொண்ட தூளுக்கு மட்டும் வழி கிடைக்கும். நம் தக்காளியின் வம்சம் அந்தக் காவலை எப்போதோ இழந்துவிட்டது.

சார்லஸ் ரிக் என்ற கலிஃபோர்னிய அறிஞர் வாழ்நாளெல்லாம் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் இந்தச் செடிகளைத் தேடி அலைந்தவர். நம் தக்காளிக்கு மிக நெருங்கிய காட்டு உறவான, சுண்டைக்காய் அளவுப் பழம் காய்க்கும் இனத்தில் அவரும் கூட்டாளிகளும் 1977இல் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. வட பெருவில், அதன் பரவலின் மையத்தில், பூ பெரிது, சூல்முடி வெளியே நீண்டிருக்கும், வேறு செடியின் தூளோடு சேரும் அயல்கலப்பு அதிகம், வகைகளும் ஏராளம். ஓரங்களுக்குப் போகப் போகப் பூ சிறுக்கிறது, சூல்முடி உள்ளே இழுத்துக்கொள்கிறது, செடி தானே காய்த்துக்கொள்கிறது. சாகுபடித் தக்காளியில் சூல்தண்டு குட்டையானதற்குப் பெரும் காரணமான மரபணுவை 2007இல் மரபியலாளர் டாங்க்ஸ்லியின் குழு கண்டுபிடித்தது. மரபணு கெடவில்லை, அதை இயக்கும் முன்பகுதியில்தான் மாற்றம். சூல்தண்டு கொஞ்சம் குறைந்தது, குடும்பமே வேறு வழியில் போய்விட்டது.

இவ்வளவு சுலபமென்றால் எல்லாச் செடியும் ஏன் இதைச் செய்யவில்லை என்று நீ கேட்பாய். கணக்கும் அதைத்தான் கேட்கச் சொல்கிறது. அயல்கலப்புச் செடி தன் விதையில் ஒரு பங்கு, மகரந்தமாகப் பிறர் விதையில் ஒரு பங்கு, ஆக 2 பங்கு மரபணு விட்டுப் போகும். தனக்குத்தானே காய்க்கும் செடிக்குத் தன் விதையில் 2, பிறர் விதையில் 1, ஆக 3. 1941இல் மரபியலாளர் ஃபிஷர் காட்டிய கணக்கு இது.

தடை எங்கே என்பதை அதற்கு முன்பே டார்வின் தன் தோட்டத்தில் கண்டுவிட்டார். பதினொரு வருஷம் உழைத்து 1876இல் வெளியிட்டார். ஐப்போமியா என்ற பூங்கொடியைப் பத்துத் தலைமுறை வளர்த்து ஒப்பிட்டதில், அயல்கலப்புக் கொடி 100 என்றால் தன்கலப்புக் கொடி 77 உயரம்தான். மறைந்து கிடந்த கெட்ட மரபணுக்கள் இரண்டு பக்கமும் ஒன்றுசேர்ந்து வெளிப்பட்டுவிடுகின்றன. அவர் மாமன் மகளை மணந்தவர், மூன்று குழந்தைகளைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். அந்தத் தொட்டிகளை எந்த மனதோடு அளந்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஆனால் ஆறாவது தலைமுறையில் ஒரு தன்கலப்புக் கொடி தன் போட்டிக் கொடியைச் சற்றே முந்தியது. அதற்கு அவர் 'ஹீரோ' என்று பெயர் வைத்தார். அதன் வாரிசுகளும் திடமாகவே வளர்ந்தன. கெட்டது வெளிப்பட்ட கொடிகள் அழிந்துபோக, தாக்குப்பிடிக்கும் வம்சம் சுத்தமாகிவிடுவதும் உண்டு. தக்காளியின் முன்னோர்களும் இப்படித்தான் தப்பியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தப்பியது சரி, கையிருப்பு போய்விட்டது. 1990இல் மில்லரும் டாங்க்ஸ்லியும் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். தன் தூளை மறுக்கும் பெருவியானம் என்ற காட்டுத் தக்காளி இனத்தில் ஒரே ஓர் இடத்து விதைத் தொகுப்பில் இருந்த வேறுபாடு, அவர்கள் சோதித்த சாகுபடித் தக்காளிகள் எல்லாவற்றிலும் சேர்த்து இருந்ததைவிட அதிகம். போன மாசம் வாடிய செடியைப் பிடுங்கியபோது வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது என்று எழுதியிருந்தாயே, அது வேர்முடிச்சு நூற்புழு. அதைத் தாங்கும் மரபணு நம் தக்காளிக்குள் கிடைக்கவில்லை. பெருவியானத்திடமிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. இரண்டையும் கலந்தால் விதை நிலைக்காது. 1944இல் ஸ்மித் என்பவர் கருவைக் காயிலிருந்து பிரித்தெடுத்துச் சத்துக் கலந்த ஊடகத்தில் வளர்த்து அந்தக் கலப்பை உயிரோடு கொண்டுவந்தார். கடைகளில் நூற்புழு தாங்கும் ரகம் என்று விற்பவற்றுக்கு அந்தக் குழந்தையே மூலம். உன் நாட்டு விதையை விட்டுவிடாதே, ஆனால் அடுத்த பட்டத்தில் அந்தப் பாத்தியில் மட்டும் செண்டுமல்லி போட்டுப் பார்.

இன்னொன்று. சித்திரையில் பூ கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை என்றாய். கடும் வெயிலில் தக்காளியின் சூல்தண்டு குழலைத் தாண்டி வெளியே நீண்டுவிடுவது உண்டு. அப்போது தன் தூள் அதன்மேல் விழாது. நாளைக் காலையில் உன் பேரனிடம் லென்ஸைக் கொடுத்து, பத்துப் பூவில் சூல்முடி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று எண்ணச் சொல். எண்ணிக்கையை எனக்கு எழுது. மகரந்தமே வெயிலில் கெட்டுப்போயிருக்கவும் கூடும். அதையும் பார்க்க ஒரு வழி அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. ஆடியில் ஒட்டன்சத்திரம் வருகிறேன்.

அன்புடன்,
உன் ராமநாதன்